கை இறுகும்போது மூளை போடும் கணக்கு

மாதக் கடைசியில் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வரும். திறந்து பார்க்காமல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்ப்பேன். ஏறக்குறைய இரண்டு வருடம் இப்படித்தான் ஓட்டினேன். கை பாத்திரம் கழுவும், மனசு மட்டும் ‘தவணை பிடித்திருப்பார்களா, மிச்சம் எவ்வளவு இருக்கும்’ என்று போனையே சுற்றிச் சுற்றி வரும்.

இந்தப் பழக்கத்துக்கு நெருப்புக்கோழி விளைவு என்று பெயர். கார்ல்சன், லோவன்ஸ்டைன், செப்பி மூவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வின்படி, பங்குச்சந்தை ஏறும்போது முதலீட்டாளர்கள் தங்கள் கணக்கை அடிக்கடி திறந்து பார்க்கிறார்கள். சந்தை இறங்கினால் பார்ப்பதும் குறைந்துவிடுகிறது. (நிஜ நெருப்புக்கோழி மண்ணில் தலையைப் புதைப்பதில்லை. வீண்பழி.)

பார்க்காவிட்டால் கவலை இல்லை என்று நினைக்கிறோம். ஆனால் முடிக்காத வேலையை மூளை அவ்வளவு எளிதில் விடாது. ஒரே நேரத்தில் சில விஷயங்களை மட்டுமே ஏந்தக்கூடிய செயல் நினைவகத்தில் அது ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மாசிகாம்போ, பாமைஸ்டர் இருவரும் 2011இல் இதைச் சோதித்தார்கள். முடிக்காத வேலையை நினைவூட்டியதும், பங்கேற்றவர்களுக்கு அடுத்து கொடுத்த வேலையில் கவனம் சிதறியது. அந்த வேலையை எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டம் எழுதவிட்டவர்களுக்கோ தொல்லை அடங்கியது. இத்தனைக்கும் வேலை அப்படியேதான் கிடந்தது. திட்டம் கைக்கு வந்ததுமே மூளை பிடியைத் தளர்த்திவிட்டது.

பணமுடை அறிவுத்திறனையே அரிக்கிறது என்று 2013இல் ஓர் ஆய்வு பரபரப்பாகப் பேசப்பட்டது. முல்லைநாதன், ஷாஃபிர் உள்ளிட்டோர் செய்தது. அமெரிக்காவில் ஒரு வணிக வளாகத்துக்கு வந்தவர்களிடம், கார் பழுதாகிவிட்டது, சரிசெய்ய 150 டாலர் ஆகும், என்ன செய்வீர்கள் என்று யோசிக்கச் சொல்லிவிட்டுப் புதிர்கள் கொடுத்தார்கள். குறைந்த வருமானக்காரர்களும் வசதியானவர்களும் ஒரே அளவில் செய்தார்கள். செலவு 1,500 டாலர் என்றபோது குறைந்த வருமானக்காரர்களின் மதிப்பெண் மட்டும் சரிந்தது. விழுப்புரம், திருவண்ணாமலை பகுதிகளின் 464 கரும்பு விவசாயிகளையும் சோதித்தார்கள். அறுவடைக்கு முன் கை வறண்டிருந்தபோது செய்ததைவிட, பணம் வந்த பிறகு அதே ஆட்கள் நன்றாகச் செய்தார்கள்.

கேட்கக் கச்சிதமாக இருக்கிறது. ஆனால் கார்வால்யோ குழு 2016இல், சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்தபோது சிந்தனைத் திறனில் வித்தியாசமே தெரியவில்லை. பற்றாக்குறை குறித்த பழைய ஆய்வுகள் சிலவற்றை 2021இல் திரும்பச் செய்தபோதும் பெரும்பாலானவை அதே முடிவைத் தரவில்லை. எனவே ‘ஏழ்மை மூளையை மழுக்கும்’ என்று ஒரே போடாகப் போட நான் தயாரில்லை.

இதைவிட எனக்குப் பயன்பட்டது சிங்கப்பூரில் நடந்த ஆய்வு. நெடுநாள் கடனில் இருந்த, குறைந்த வருமானம் கொண்ட 196 பேரின் கடன்களை ஒரு தொண்டு அமைப்பு அடைத்தது. கடன் அடையும் முன்னும் பின்னும் அவர்களைச் சோதித்து 2019இல் வெளியிட்டார்கள். பதற்றம் குறைந்திருந்தது, சிந்தனைத் திறன் கூடியிருந்தது. இதில் முக்கியம், எத்தனை கடன் கணக்குகள் முழுசாக ஒழிந்தன என்பது. அடைபட்ட தொகை ஒன்றாகவே இருந்தாலும், கூடுதல் கணக்குகள் மூடப்பட்டவர்களுக்கே பலன் அதிகம். ஒவ்வொரு கடனும் மனதில் தனிப் பற்றுவரவுப் பக்கமாகத் திறந்து கிடக்கிறது போலும். வட்டிக் கணக்குப்படி, அதிக வட்டிக் கடனை முதலில் அடைப்பதுதான் லாபம். ஆனாலும் சில்லறைக் கைமாற்று ஒன்றைத் தீர்த்ததும் மூச்சு விட முடிகிறதே, அது வெறும் பிரமை இல்லை.

அப்படியானால் நம்பிக்கை? ‘எல்லாம் சரியாகிவிடும் என்று கண்ணை மூடிக் கற்பனை செய்’ என்பார்கள். எனக்கு இந்த அறிவுரையைக் கேட்டாலே எரிச்சல். காப்பெஸ், எட்டிங்கன் இருவரின் 2011 ஆய்வில், விரும்பியது நடந்துவிட்டதுபோல இனிமையாகக் கற்பனை செய்தவர்களின் முனைப்பு குறைந்தது, ரத்த அழுத்தத்திலேயே அது தெரிந்தது. வேண்டியது கிடைத்துவிட்டது என்று உடம்பு ஓய்வெடுக்கப் போய்விடுகிறது. ஆசையை நினைத்த கையோடு குறுக்கே நிற்கும் தடையையும் நினைப்பது பலன் தருகிறது என்கிறார் எட்டிங்கன்.

இன்னும் அடியில் போனால் செலிக்மன், மேயர் என்ற இரு உளவியலாளர்களின் கதை வருகிறது. 1967இல், தப்ப வழியில்லாமல் மின்னதிர்ச்சி வாங்கிய நாய்கள், பிறகு வழி திறந்திருந்தும் படுத்தே கிடந்ததைக் கண்டு, கையாலாகாத்தனம் கற்றுக்கொள்ளப்படுவது என்றார்கள். சுமார் அரை நூற்றாண்டு கழித்து, 2016இல், அதே இருவரும் தங்கள் விளக்கத்தைத் தலைகீழாகத் திருப்பினார்கள். தொல்லை நீண்டால் முடங்கிக் கிடப்பதுதான் மூளையின் இயல்பு. மூளைத்தண்டில் உள்ள ஒரு நரம்புத் திரள் அந்த முடக்கத்தைக் கொண்டுவருகிறது. ‘இதில் ஏதோ ஒன்று என் கையில் இருக்கிறது’ என்று நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் பகுதி கண்டுகொள்ளும்போது, அது அந்தத் திரளை அடக்குகிறது. எலிகளின் மூளையில் பார்த்த நரம்புச் சுற்று இது. மேலும், ஒருமுறை அப்படிக் கண்டுகொண்ட எலி, பின்னால் வரும் கட்டுப்படுத்த முடியாத அதிர்ச்சியிலும் எளிதில் முடங்குவதில்லை. ஆக, கற்றுக்கொள்ளப்படுவது கையாலாகாத்தனம் இல்லை, கட்டுப்பாடு.

இதைப் படித்த வாரம் கடன் கொடுத்த இடத்துக்குப் போன் செய்து, தவணைத் தேதியைச் சம்பளத்துக்குப் பிறகு மாற்ற முடியுமா என்று கேட்டேன். நாலு நிமிடம் காத்திருக்க வைத்துவிட்டு, சரி என்றார்கள். கடனில் ஒரு காசு குறையவில்லை. அன்று இரவு, யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று முதன்முறையாக ஒரு தாளில் எழுதினேன். ஏழு வரிகள். நினைத்திருந்ததைவிடத் தொகை பெரிது, வரிகள் குறைவு.