தண்ணீர் ஊற்றாதீர்கள், தள்ளிப் போங்கள்

கேட்பாரற்ற பை கிடக்கிறது என்று தகவல் வந்து வெடிகுண்டு நிபுணர்கள் போய்ச் சேரும்போது, அந்தப் பை முதலில் கிடந்த இடத்தில் இருப்பதே இல்லை. யாரோ ஒருவர் அதைத் தூக்கி ஓரமாக வைத்திருப்பார். இன்னொருவர் டீக்கடையிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் வாங்கி ஊற்றியிருப்பார். சுற்றிலும் முப்பது நாற்பது பேர் செல்போனை உயர்த்திப் பிடித்து நிற்பார்கள். முன்வரிசையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். உள்ளே பழைய துணியும் சாப்பாட்டு டப்பாவும்தான் என்று தெரிந்ததும் கூட்டம் சிரித்துக்கொண்டே கலையும். திருநெல்வேலிச் சீமையில் இது எத்தனையாவது முறை என்று எண்ணுவதையே விட்டாயிற்று. அடுத்த பையிலும் துணிதான் இருக்கும் என்று யார் உறுதி சொல்வது?

முதலில் அந்தத் தண்ணீரைப் பற்றிப் பேசிவிட வேண்டும். "அண்ணாச்சி, ஒரு வாளித் தண்ணிய ஊத்துங்க, அடங்கிரும்" என்று சொல்லாத கூட்டமே கிடையாது. தீபாவளிக்கு வெடிக்காத பட்டாசை நனைத்துப் போடச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். பட்டாசுக்கு அது சரி. கரிமருந்து நனைந்தால் எரியாது. ஆனால் எல்லா வெடிமருந்தும் கரிமருந்து இல்லை. நம் பக்கத்தில் கிணறு வெட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஊற்றுக் கண்ட கிணற்றில், தண்ணீர் நிற்கிற குழிக்குள்தான் வெடிமருந்துத் தோட்டாவை இறக்கி, அதைத் தூண்டிவிடும் கேப்பு வைத்து வெடிக்கிறார்கள். குவாரிகளில் இன்று புழங்கும் எமல்ஷன் வகை மருந்து ஈரத்தில் வேலை செய்வதற்கென்றே தயாரிக்கப்படுவது. ஒரு வாளித் தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது.

மருந்தைத்தான் ஒன்றும் செய்யாது, மற்றதை எல்லாம் செய்யும். உள்ளே பேட்டரியும் ஒயரும் இருந்தால், தண்ணீர் பட்டதும் மின்சாரம் போகக் கூடாத வழியில் போகும். தண்ணீர் விழுகிற வேகத்தில் பை சாயும், புரளும். இவ்வளவுக்கும் மேலே, ஊற்றுவதற்காக ஓர் ஆள் இரண்டடி தூரத்துக்குப் போயாக வேண்டும். மணல் கொட்டுவது, ஈரச் சாக்கு போர்த்துவது, டயரை மேலே கவிழ்ப்பது எல்லாமே இதே தப்புதான். வெடிகுண்டு நிபுணர்களும் தண்ணீரைப் பயன்படுத்துகிறார்களே என்று சிலர் கேட்பார்கள். உண்மை. அது துப்பாக்கிக் குழாய் போன்ற ஒரு கருவியிலிருந்து தண்ணீரைச் சீறி அடித்து, உள்ளே இருக்கும் இணைப்புகள் வேலை செய்வதற்குள் அவற்றைக் கிழித்துப் போடும் முறை. தொலைவில் மறைவாக இருந்துகொண்டுதான் அதை இயக்குவார்கள். வாளிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

எந்தப் பையைச் சந்தேகப்படுவது என்பதற்குப் பிரிட்டன் காவல்துறை மக்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் மூன்று கேள்விகள் நமக்கும் பொருந்தும். பொருள் மறைத்து வைக்கப்பட்டிருக்கிறதா? ஒயர், டேப், பேட்டரி என்று பார்த்ததுமே உறுத்துகிற எதுவும் தெரிகிறதா? அந்த இடத்தில் வழக்கமாகக் காணப்படும் பொருள்தானா? இந்த மூன்றாவது கேள்விக்கு உள்ளூர்க்காரரால்தான் பதில் சொல்ல முடியும். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் நாட்கணக்கில் குடில் போட்டுத் தங்குகிற கூட்டத்தில், மூட்டையும் பையும் கரையில் கிடப்பது இயல்பு. குளிக்க இறங்கியவர்களுடையதாக இருக்கும். அதே பை பாபநாசத்தில் மின்மாற்றிக்குப் பின்னால், செடிக்குள் செருகிக் கிடந்தால் அது இயல்பு இல்லை. பையைத் தொடாமல், பக்கத்தில் இருப்பவர்களிடம் "இது யாருடையது?" என்று ஒருமுறை சத்தமாகக் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். பதில் வரவில்லையா, இரண்டாம் முறை கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். நகருங்கள்.

பையை மட்டும் தேடுகிற பழக்கமும் போதாது. 2008 மே 13 அன்று ஜெய்ப்பூரில் குண்டுகள் சைக்கிள்களில் கட்டப்பட்டிருந்தன. 2013 பிப்ரவரி 21 அன்று ஹைதராபாத் தில்சுக்நகரிலும் சைக்கிள்தான். கோயில் மதில் ஓரத்தில் மூன்று நாளாகத் தூசி படிந்து நிற்கும் பைக்கைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. தயவுசெய்து திறவுங்கள்.

எவ்வளவு தூரம் நகர்வது? கைப்பை, தோள்பை அளவுக்கு 100 மீட்டர். சூட்கேஸ் அல்லது கார் என்றால் 200. வேன், லாரி என்றால் 400. பிரிட்டன் காவல்துறை வைத்திருக்கும் கணக்கு இது, குறைந்தபட்ச அளவு. டவுன் ரதவீதிகளில் 100 மீட்டர் என்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். அதனால் தூரத்தோடு மறைவையும் சேர்த்துப் பாருங்கள். பொருள் உங்கள் கண்ணுக்கு நேரே தெரிகிறது என்றால் நீங்கள் நிற்கும் இடம் சரியில்லை. கட்டடத்தின் மூலை திரும்பி, கெட்டியான சுவருக்குப் பின்னால் போய்விடுங்கள். நகைக்கடை, ஜவுளிக்கடைக் கண்ணாடிக்கு அருகே நிற்கவே கூடாது. வெடிப்பில் நேரடியாகச் சாகாதவர்களையும் கண்ணாடிச் சில்லு வெட்டிப் போடும். செல்போன், வாக்கி டாக்கி எதையும் பையின் பக்கத்தில் நின்று இயக்க வேண்டாம். முதலில் தள்ளிப் போங்கள், பிறகு பேசுங்கள்.

கூட்டத்தை ஒதுக்குகிறவர்கள் செய்யும் தப்பு ஒன்று உண்டு. எல்லோரையும் ஒரே திடலில், பெரும்பாலும் வாகன நிறுத்தத்தில், கொண்டுபோய் நிறுத்துவார்கள். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுகள் வெடித்தபோது, காயம்பட்டவர்களைக் கொண்டுசென்ற அரசு மருத்துவமனையிலும் குண்டு வெடித்தது. உதவிக்கு ஓடி வந்தவர்கள் அங்கே செத்தார்கள். ஓரிடத்தில் ஒன்று கிடைத்தால் இரண்டாவது இருக்கலாம் என்று எண்ணித்தான் வேலை செய்ய வேண்டும். ஆட்களைக் கொண்டுபோய் நிறுத்தும் இடத்தை முதலில் நாலு பேர் சுற்றிப் பார்த்துவிட்டு, அதன் பிறகே அனுப்புங்கள்.

2005 அக்டோபர் 29 அன்று டெல்லி கோவிந்த்புரியில் பேருந்துக்குள் ஒரு பையைக் கண்டதும் பயணிகளை இறக்கிவிட்டார்கள். அத்தனை உயிரும் பிழைத்தது. பையைக் கையில் எடுத்து அப்புறப்படுத்திய ஓட்டுநருக்குக் கண் பார்வை போய்விட்டது. அவருடைய துணிச்சலுக்குத் தலை வணங்குகிறேன். ஆனால் நம் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் கெஞ்சிக் கேட்கிறேன்: ஆட்களை இறக்கியதோடு உங்கள் கடமை முடிந்தது. பேருந்து போனால் போகட்டும்.

அவசர உதவி எண் 112-ஐ அழைக்கும்போது "பாம் இருக்கு, சீக்கிரம் வாங்க" என்பது தகவலே இல்லை. என்ன பொருள், எவ்வளவு பெரிது, எந்தத் தூணுக்கு அருகே, எந்த வாசலிலிருந்து எத்தனையாவது கடை, முதலில் எப்போது கண்ணில் பட்டது, யாராவது தொட்டார்களா, ஆட்கள் வெளியேறியாகிவிட்டதா என்பதையெல்லாம் சொல்லுங்கள். தொட்டிருந்தால் மறைக்காதீர்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். முதலில் பார்த்தவர் வீட்டுக்குப் போய்விடாமல் பாதுகாப்பான தூரத்தில் காத்திருக்க வேண்டும். அவர் கண்ணால் கண்டதுதான் நிபுணர்களுக்குக் கிடைக்கும் முதல் வரைபடம். ரயிலிலோ ரயில் நிலையத்திலோ என்றால் 139. உவரி, கூட்டப்புளி, இடிந்தகரை கடற்கரையில் அடையாளம் தெரியாத படகையோ கரை ஒதுங்கிய பார்சலையோ பார்த்தால் 1093, கடலோரப் பாதுகாப்புக் குழுமம். 2008 நவம்பரில் மும்பையைத் தாக்க வந்தவர்கள் 'குபேர்' என்ற மீன்பிடிப் படகைக் கடலில் கைப்பற்றித்தான் வந்தார்கள். எந்தப் படகு எந்த ஊர்ப் படகு என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல மீனவரை விட்டால் ஆள் இல்லை.

மலையடிவாரத்துக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. களக்காடு, கடையம் பக்கம் காட்டுப்பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காய் என்கிற வெடி, ஊர்ப் பகையில் புதைத்து வைத்த நாட்டு வெடிகுண்டு இரண்டும் அநேகமாக உருண்டையாக, நூலோ சணலோ சுற்றி இருக்கும். அழுத்தினாலும் உரசினாலும் வெடிக்கும். பந்து என்று எடுத்த பிள்ளைகளுக்கு விரல் போயிருக்கிறது, மேயப் போன மாட்டுக்கு வாய் போயிருக்கிறது. காலால் தள்ளிப் பார்ப்பது கூடவே கூடாது.

குவாரி நடத்துகிறவர்களுக்குக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. காலையில் கிடங்கிலிருந்து எடுத்த தோட்டாவும் கேப்பும் எத்தனை, வெடித்தது எத்தனை, திரும்பி வந்தது எத்தனை என்பதை அன்று மாலைக்குள் பதிவேட்டில் நேர் செய்ய வேண்டும். மாத முடிவில் உட்கார்ந்து மொத்தமாக எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், கணக்கு குறைந்தது எந்த நாளில், யார் கையில் என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது. ஒரு கேப்பு குறைந்தாலும் அன்றைக்கே காவல் நிலையத்துக்கும் வெடிபொருள் உரிமம் கொடுத்த அலுவலகத்துக்கும் எழுதுங்கள். உரிமம் போய்விடும் என்ற பயத்தில் மறைக்கிற ஒரு கேப்பு எந்த ஊரில் போய் முடியும் என்று உங்களால் சொல்ல முடியுமா?

அடுத்தது ஆளைப் பார்த்துச் சந்தேகப்படும் வியாதி. பை கிடைத்ததும் கூட்டம் செய்யும் முதல் வேலை, அங்கே நிற்கிற வடமாநிலத் தொழிலாளியையோ தாடி வைத்தவரையோ பிடித்து வைப்பது. 2022 அக்டோபர் 23 அன்று கோவையில் கார் வெடித்தபோது, வெடிபொருளை ஏற்றிச் சென்று அதில் செத்தவர் அதே ஊர்க்காரர். முகமும் மொழியும் உடையும் எதையும் காட்டித் தராது. நடத்தைதான் காட்டும்: பையை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவது, நுழையக் கூடாத வாசலில் திரும்பத் திரும்ப வருவது, கேமரா எங்கெங்கே இருக்கிறது என்று படம் பிடிப்பது. அப்படி நடப்பவர் நம் தெருக்காரராகவே இருந்தாலும் தகவல் சொல்ல வேண்டும். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் இங்கே தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது எத்தனை பேர் அஞ்சி ஊருக்கு ரயில் ஏறினார்கள் என்பது நினைவிருக்கட்டும். உறுதி செய்யாத குரல் பதிவை அனுப்புகிறவர் பயத்தைப் பரப்பும் வேலையைத்தான் செய்கிறார்.

அந்தக் கோவைக் கார் பல கை மாறி வந்தது. வண்டியை விற்றவர்கள் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு மறந்துவிடுகிறார்கள். பெயர் மாறிவிட்டதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். விற்றவர் 14 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். இல்லாவிட்டால் விசாரணை உங்கள் வீட்டு வாசலில்தான் தொடங்கும், அத்தனை மணி நேரமும் வீணாகும்.

கடைசியாகக் கடைக்காரர்களின் கேமரா. பதிவுப் பெட்டியின் கடிகாரம் நாற்பது நிமிடம் பிந்தி ஓடினால், பத்துக் கடைப் படங்களை வரிசைப்படுத்துவதற்குள் ஒரு நாள் போய்விடும். ஞாயிறுதோறும் செல்போன் நேரத்தோடு ஒப்பிட்டுச் சரி செய்யுங்கள். நொடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் ஒரு கேமரா நாளுக்குச் சுமார் 43 ஜி.பி. எடுக்கும். நான்கு கேமரா இருந்தால் 1 டி.பி. வட்டு ஆறு நாளில் நிறைந்து, பழையது தானாக அழிந்துவிடும். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கு முந்தைய வாரம் வந்து நோட்டம் பார்த்துப் போனவர் யார் என்று தேடும்போது, அந்தப் பதிவு இருக்காது. குறைந்தது முப்பது நாள் தாங்கும் அளவுக்கு, அதாவது நான்கு கேமராவுக்கு 6 டி.பி. வட்டாகப் பார்த்துப் போடுங்கள். கேமராக் கண்ணாடியில் கட்டியிருக்கும் சிலந்தி வலையையும் துடைத்துவிடுங்கள். இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியும்போது அந்த வலைதான் வெள்ளையாகத் தெரியும், ஆள் தெரிய மாட்டான்.