ப்ரபோசல் போடுறது நீங்க, கம்பெனி இல்ல

போன வாரம் தேவகோட்டை பக்கத்துலருந்து ஒரு ஆச்சி வந்தாக, மஞ்சப்பைக்குள்ள செத்துப்போன வீட்டுக்காரரோட பாலிசி. போட்டு ரெண்டு வருஷம்கூட ஆகல, க்ளைம் கெடையாதுன்னு லெட்டர். பாலிசி கேட்டு எழுதிக் குடுத்த ப்ரபோசல் ஃபாரத்தைப் பொரட்டுனா, சுகர் இருக்கான்னு கேட்ட எடத்துல 'இல்லை'. மனுஷனுக்கு பதினஞ்சு வருஷமா சுகர். "ஏஜென்ட் தம்பிதான் எழுதுச்சு, இவுக கையெழுத்து மட்டும்தான் போட்டாக"ங்கிறாக. இந்த வருஷம் எங்கிட்ட வந்த நாலாவது கேஸு இது.

காலேஜ் பசங்கள்ட்ட ப்ரபோசல் ஃபாரம்னு சொன்னா ஒருத்தன ஒருத்தன் இடிச்சுக்கிட்டு சிரிக்கிறான், அவனுக்கு அது ரோஜாப்பூ. சங்கக் கூட்டத்துல ஒருத்தர் ப்ரபோஸ் பண்ணுவாரு இன்னொருத்தர் செகண்ட் பண்ணுவாரு, அதாவது முன்மொழியிறது வழிமொழியிறது. இதெல்லாம் எல்லாருக்கும் சரியாப் புரியுது, கேக்குறவன் ஒருத்தன், சரி சொல்றவன் இன்னொருத்தன்னு. இன்சூரன்ஸுன்னு வந்தா மட்டும் கம்பெனிதான் நமக்கு ப்ரபோசல் குடுக்குதுன்னு தலைகீழா நெனைக்கிறாக. அய்யா, அந்த ஃபாரத்துல ப்ரபோசர்ங்கிற எடத்துல யாரு பேரு இருக்கு? உங்க பேரு! நீங்கதான் கேக்குறீக, என் வயசு இது, ஒடம்பு இப்புடி, என்னைய எடுத்துக்கிறீகளான்னு. 1872 ஒப்பந்தச் சட்டத்துலயும் இதே வார்த்தைதான். அப்ப பொய் இருந்தா அது யாரு சொன்ன பொய்? படிக்காம கையெழுத்துப் போட்டேன்னு சொல்லித் தப்பிக்க முடியாதுன்னு 2019ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு.

இசைகுடிமானம்னு கல்யாணத்துக்கே ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போடுற ஊருல வெத்து ஃபாரத்துல கையெழுத்துப் போடுறீகளே, எப்புடி மனசு வருது?

சுகர், பிபி, ஆபரேஷன், தின்ற மாத்திரை எல்லாத்தையும் சொல்லுங்க, ப்ரீமியம் கொஞ்சம் ஏறுனா ஏறட்டும். ஓடிபி சொல்றதும் கையெழுத்துதான். பாலிசியோட வர்ற ப்ரபோசல் காப்பிய பீரோவுல வைக்கிறதுக்கு முன்னாடி ஒருதரம் படிங்க, ஒத்துவரலைன்னா 30 நாளுக்குள்ள திருப்பிக் குடுத்துரலாம். லைஃப் பாலிசிய 3 வருஷத்துக்கப்புறம் கேள்வி கேக்க முடியாதுன்னு இன்சூரன்ஸ் சட்டத்துல 45வது பிரிவு இருக்கு, அதான் ஓட்டிரலாமேன்னு கணக்குப் போடாதீக, நடுவுல ப்ரீமியம் கட்டாம லேப்ஸாகிப் புதுப்பிச்சா அந்தத் தேதியிலருந்து மறுபடி எண்ணணும்.

ஆச்சிக்குக் கம்பெனி குறைதீர்ப்புக்கு மனு எழுதிக் குடுத்திருக்கேன், அங்க நடக்கலைன்னா இன்சூரன்ஸ் புகார விசாரிக்கிற சென்னை ஓம்புட்ஸ்மன். கெடைக்குமான்னு கேட்டாக, நான் பதில் சொல்லல. "அந்தத் தம்பிய ஒன்னும் பண்ணிராதீக, நல்ல புள்ள"ன்னு சொல்லிட்டு பஸ்ஸுக்குப் போனாக.