அசியோட்ரோப்: கொதித்தும் மாறாதது

எத்தனாலும் நீரும் கலந்த திரவத்தைக் காய்ச்சி வடித்தால், தொடக்கத்தில் வேலை எளிதாக நடக்கும். எத்தனாலின் கொதிநிலை 78.4 டிகிரி செல்சியஸ், நீருக்கு 100. எழும் ஆவியில் எத்தனால் தூக்கலாக இருக்கும். அதைக் குளிர்வித்து மறுபடி காய்ச்சினால் இன்னும் கூடும். எடையில் 95.6 சதவீதத்தை எட்டியதும் எல்லாம் நின்றுவிடும். திரவத்தில் உள்ள விகிதமே ஆவியிலும் இருப்பதால் அதற்கு மேல் பிரியாது. வடிகோபுரத்தை உயர்த்திப் பயனில்லை.

இத்தகைய கலவைகளுக்கு 1911-இல் வேதியியலாளர்கள் ஜான் வேட், ரிச்சர்ட் மெரிமன் இருவரும் வைத்த பெயர்தான் அசியோட்ரோப். கிரேக்கத்தில் 'செயின்' என்றால் கொதித்தல், 'ட்ரோபோஸ்' என்றால் திருப்பம், மாற்றம். முன்னால் நிற்கும் 'அ' எதிர்மறை. நம் 'அநீதி', 'அசுத்தம்' ஆகியவற்றில் வடமொழி வழியே வந்த 'அ'வுக்கு அது உறவு. ஆக, கொதிப்பதால் மாறாதது.

மாறாதது எது? கலவையின் விகிதம். தமிழில் 'கொதிநிலை மாறாக் கலவை' என்கிறோம். பிழையில்லை, ஆனால் கவனத்தை வெப்பமானி பக்கம் திருப்பிவிடுகிறது. தூய நீரும் மாறா வெப்பநிலையில்தான் கொதிக்கிறது. வெப்பநிலை 78.2-இல் அசையாமல் நிற்பதைப் பார்த்துத் தூய எத்தனால் வடிகிறது என்று நம்பினால் ஏமாற்றம்தான். அழுத்தத்தைக் குறைத்தால் குட்டு வெளிப்படும்: விகிதமே நகரும். ஏறத்தாழ 70 மி.மீ. பாதரச அழுத்தத்துக்குக் கீழே இந்த அசியோட்ரோப் இல்லாமலே போகிறது. தனிமங்கள் நிலையான விகிதத்தில் பிணைந்த சேர்மமாக இருந்தால் அப்படி நடக்காது.

காரணம் மூலக்கூறுகளின் ஒட்டுறவு. எத்தனாலின் கார்பன் வால் நீரின் ஹைட்ரஜன் பிணைப்புகளைக் குலைக்கிறது; இரண்டும் எளிதில் ஆவியாகின்றன. அதனால் கலவையின் கொதிநிலை தூய எத்தனாலைவிடவும் தாழ்கிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நேரெதிர்: அயனிகளை நீர் இறுகப் பிடித்துக்கொள்வதால், 20.2 சதவீத அமிலம் 108.6 டிகிரியில்தான் கொதிக்கும்.

எஞ்சிய நீரை எடுக்க இன்று பெரிதும் பயன்படுவது 3 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) துளையுள்ள சியோலைட் என்னும் நுண்துளைக் கனிம மணிகள், அதாவது மூலக்கூறு சல்லடை. சுமார் 2.8 ஆங்ஸ்ட்ராம் அளவுள்ள நீர் உள்ளே நுழையும், 4.4 அளவுள்ள எத்தனால் வெளியே நிற்கும். மணிகளைப் பயன்படுத்துமுன் 250 முதல் 300 டிகிரியில் உலர்த்தி, மூடிய கலனில் ஆறவிட வேண்டும். திறந்து வைத்தால் காற்றின் ஈரத்திலேயே துளைகள் நிறைந்துவிடும். பார்வைக்கு மணிகள் அப்படியேதான் இருக்கும், எத்தனாலில் நீரும் அப்படியே இருக்கும்.