குழவி – சொல் விளக்கம்

பிறந்து அதிக நாளாகாத இளம் உயிர்தான் குழவி. 'சிசு' என்னும் வடசொல்லுக்கு நேரான தமிழ். வேர்ச்சொல் 'குழ'. "மழவும் குழவும் இளமைப் பொருள" என்று தம் நூலின் உரியியல் என்னும் பகுதியில் தொல்காப்பியர் சொல்கிறார். குழந்தையும் இதே வேரில் பிறந்ததுதான். ஆனால் குழந்தை நம் வீட்டோடு நின்றுகொண்டது, குழவி காட்டுக்கும் போய்வந்தது.

தொல்காப்பியத்தின் மரபியல் என்னும் பகுதி இளமைப் பெயர்களாக ஒன்பதைத் தருகிறது: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. இவற்றில் மனிதருக்கு உரியவை குழவியும் மகவும் மட்டுமே. அந்த இரண்டும்கூட நமக்கே தனியாக இல்லை. யானை, பசு, எருமை, கடமை, மரை என்னும் காட்டு விலங்குகள், குரங்கு, முசு, ஊகம் என்னும் குரங்கு வகைகள் இவற்றின் இளமைக்கும் குழவி என்றே பெயர். மகவு குரங்குக்கும் உண்டு. 1758இல் சுவீடன் நாட்டு உயிரியல் அறிஞர் லின்னேயஸ் மனிதனையும் யானையையும் பாலூட்டி என்ற ஒரே வகுப்பில் வைத்தார். குழவிப் பெயர் பெற்ற இந்த விலங்குகள் எல்லாமே பாலூட்டிகள்தாம். ஆயினும் மரபியல் பாலூட்டுவதைப் பார்த்துப் பெயரிடவில்லை. மரஞ்செடிகளின் இளமையையும் குழவி எனலாம் என்கிறது.

இந்தச் சொல்லின் முழு அழகையும் குறுந்தொகை 394ஆம் பாட்டில் பார்க்கலாம்: "முழந்தாள் இரும்பிடிக் கயந்தலைக் குழவி". பிடி என்றால் பெண் யானை, கயந்தலை என்றால் மென்மையான தலை. அந்தக் குழவி, குறமகள் ஈன்ற 'குறியிறைப் புதல்வரொடு' சுற்றிச் சுற்றி ஓடி விளையாடுகிறது. குறியிறை என்பது குட்டையான முன்கை. இந்தத் தொடரே புலவருக்குக் குறியிறையார் என்று பெயராகிவிட்டது. ஒன்றுக்குத் தலை, மற்றதற்குக் கை: தொட்டுப் பார்த்தவர் எழுதியதுபோல இரண்டு பச்சை உடம்புகள். பிறகு அந்த யானை வளர்ந்து, அதே வீட்டாரின் தினைப்புனத்தை மேய்கிறது. காதலனாகிய தலைவனின் சிரித்த விளையாட்டும் அப்படித்தான் பகையாயிற்று என்கிறது பாட்டு. உறவையும் பகையையும் ஒரே உயிரில் வைக்கிறார் புலவர். செல்லம் கொஞ்சவில்லை. அதனால்தான் பாட்டு இன்றும் சுடுகிறது.

இங்கே உரை எழுதுபவர்கள் 'யானைக் குழந்தை' என்று போட்டால் பாட்டு கெட்டுப்போகும். விலங்குக்கு மனித வேடம் போட்ட மாதிரி ஆகிவிடும். 'யானைக் கன்று' மரபுப்படி சரி, பொருளும் தவறாது. ஆனால் பிள்ளைகளோடு உள்ள பொதுமை அதில் மறைந்துவிடும். குழவி என்றே விடுவதுதான் நல்லது.

எழுத்தில் அடிக்கடி நேரும் பிழை ளகரம். 'குளவி' என்றால் கொட்டும் பூச்சி, பழம்பாட்டில் காட்டு மல்லிகையும் ஆகும். அம்மிக் குழவிக்கும் ழகரமே வரும்.