லாட்ஜ் அறை வரியில் நெல்லை மாநகராட்சிக்குப் பங்கு உண்டா?

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்ட நேரத்தில் ஜங்ஷன் பக்கம் லாட்ஜ் அறை கிடைப்பது பெரும்பாடு. வெளியூர்க்காரர்கள் வாடகையோடு வரியும் கட்டுகிறார்களே, அதில் மாநகராட்சி இந்த ஊரைச் சுற்றுலாவுக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளக் கூடாதா? நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வரி மாநகராட்சிக் கணக்குக்கு வருவதே இல்லை.

முன்பு விடுதிகளுக்கு ஆடம்பர வரி இருந்தது. அது மாநில அரசுக்குப் போனது. 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி. நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு, 2025 செப்டம்பர் 22 முதல், 5 சதவீதம். அதற்கு மேல் 18 சதவீதம். இதை மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்கின்றன. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து நகராட்சிகள் அறை வாடகையில் 7 சதவீதம் வரை தாங்களே வரி போடலாம், அந்தப் பணத்தைச் சுற்றுலாவையும் மாநாடுகளையும் வளர்க்கத்தான் செலவழிக்க வேண்டும் என்று அங்கே சட்டம். இங்கே அப்படி ஒரு ஏற்பாடு கிடையாது.

மாநகராட்சிக்கு லாட்ஜிலிருந்து கிடைப்பது சொத்து வரியும் தொழில் உரிமக் கட்டணம் போன்றவையும்தான். அறை நிறைந்தாலும் காலியாகக் கிடந்தாலும் சொத்து வரி ஒன்றுதான். ஆகவே கூட்டம் கூடினால் குப்பையும் தண்ணீர்ச் செலவும் கூடுமே தவிர, வரவு அதே வேகத்தில் கூடாது. சினிமா டிக்கெட்டில் வரும் கேளிக்கை வரி உள்ளாட்சிக்கு உரியது. அதுவும் பொது வரவில் சேர்ந்துவிடும். மத்திய நிதிக்குழு மானியம் இருக்கிறதே என்பீர்கள். 15ஆவது நிதிக்குழு, 10 லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள நெல்லை போன்ற நகரங்களுக்குக் கொடுத்த மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிப்போட்டுவிட்டது.

அப்படியானால் சுற்றுலாவுக்கு யார் செலவழிக்கிறார்கள்? இடத்துக்கு ஒரு துறை. நெல்லையப்பர் கோயில் அறநிலையத் துறையிடம். ரெட்டியார்பட்டியில் உள்ள பொருநை அருங்காட்சியகம் மாநிலத் தொல்லியல் துறையுடையது. மணிமுத்தாறு அருவிக்குக் கட்டணம் வாங்குவது வனத்துறை. உள்ளாட்சியே சுற்றுலாவில் சம்பாதிக்கும் ஊர் பார்க்க வேண்டுமென்றால் குற்றாலத்துக்குப் போங்கள் (2019 முதல் அது தென்காசி மாவட்டம்). சீசனில் வாகன நிறுத்தக் கட்டணமும் கடை ஏலமும் பேரூராட்சிக்கு நேரடி வரவு.

மாநாடு, கண்காட்சி என்று வந்தால் பொருட்காட்சித் திடலில் ஸ்மார்ட் சிட்டி நிதியில் கட்டிய வர்த்தக மையம் இருக்கிறது. ஸ்மார்ட் சிட்டிக்கு மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து பணம் தந்தன. 2017இல் திருநெல்வேலி தேர்வானது, 2025 மார்ச் 31உடன் திட்டம் முடிந்தது. கட்டுவதற்குக் கிடைத்த பணம் ஒருமுறைதான். கரண்ட் பில், காவல், ஏசி பராமரிப்பு எல்லாம் வருடா வருடம் வரும். மண்டபம் தானாக நிறையாது. டாக்டர்கள் சங்கத்தையும் வியாபாரிகள் சங்கத்தையும் தேடிப்போய், உங்கள் மாநாட்டை இங்கே நடத்துங்கள் என்று கேட்க ஆள் வேண்டும். கோயம்புத்தூரில் கொடிசியா என்ற சிறுதொழில் சங்கம் தன் வளாகத்தைத் தானே நடத்துகிறது. சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தை மத்திய, மாநில அரசு நிறுவனங்களின் கூட்டு அமைப்பு கவனிக்கிறது. நெல்லையில் மையத்தைப் பராமரிக்கவும் மாநாடுகளைத் தேடிக் கொண்டுவரவும் ஆண்டுதோறும் ஒரு தொகையைப் பட்ஜெட்டில் தனியாக ஒதுக்கினால்தான் சரிப்படும் என்பது என் எண்ணம். அதைக் கேட்க வேண்டிய இடம், கவுன்சிலர்கள் கூடும் மாநகராட்சி மாமன்றம். 55 வார்டுக்கும் கவுன்சிலர்கள் இருக்கிறார்கள். பட்ஜெட்டுக்கு முன்பே உங்கள் வார்டு கவுன்சிலர் காதில் போட்டு வையுங்கள்.

நெல்லை வர்த்தக மையத்தின் வாடகை வரவு எவ்வளவு, பராமரிப்புச் செலவு எவ்வளவு, போன வருடம் எத்தனை நாள் பதிவானது என்று தெரிய வேண்டுமா? மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். கட்டணம் 10 ரூபாய். மனுவில் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். ‘சுற்றுலாவுக்கு என்ன செய்தீர்கள்’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். நிதியாண்டைக் குறிப்பிட்டு, வரவு செலவுக் கணக்கின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வரவில்லை என்றால், அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். அதற்குக் கட்டணம் இல்லை.