120 ஹெர்ட்ஸ் டிவியில் சினிமா ஏன் சீரியல் மாதிரி தெரிகிறது?

போன மாதம் மாம்பலத்தில் ஒரு வீட்டுக்கு சர்வீஸுக்குப் போயிருந்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியர். 55 இன்ச் டிவி வாங்கிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. "தம்பி, டிவி கெட்டுப்போச்சு போல. எந்த சினிமா போட்டாலும் சீரியல் மாதிரியே இருக்கு" என்றார். பேனலில் ஒரு குறையும் இல்லை. அவர் சொன்னதும் உண்மை.

சினிமா நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள். பேசும்படக் காலத்திலிருந்து அதுதான் வழக்கம். 120 ஹெர்ட்ஸ் டிவி தன் திரையை நொடிக்கு 120 முறை புதுப்பிக்கிறது. ஒவ்வொரு ஃபிரேமையும் ஐந்து முறை காட்டினால் கணக்கு நேராகிவிடும். ஆனால் பல டிவிகள் பெட்டியிலிருந்து எடுத்ததுமே வேறு வேலை செய்கின்றன: இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே படத்தில் இல்லாத ஃபிரேம்களைத் தாங்களே உருவாக்கிச் செருகுகின்றன. அசைவு எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். வீடியோ கேமராவில் எடுத்த சீரியலில் பார்த்துப் பழகிய அதே வழவழப்பு.

சாம்சங்கில் இது 'ஆட்டோ மோஷன் பிளஸ்' அல்லது 'பிக்சர் கிளாரிட்டி', எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ'. இதை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று 2018-ல் டாம் குரூஸ் வீடியோவே போட்டார். மறுவருடம் அறிவிக்கப்பட்ட 'ஃபிலிம்மேக்கர் மோட்' உங்கள் டிவியில் இருந்தால், அதைப் போட்டாலே போதும்.

அப்போ 60 ஹெர்ட்ஸ் போதாதா? 60-ஐ 24 சரியாக வகுக்காது. அதனால் ஒரு ஃபிரேம் மூன்று முறை, அடுத்தது இரண்டு முறை என்று மாறி மாறி வரும். கேமரா மெதுவாக ஒரு கோபுரத்தைச் சுற்றி நகரும் காட்சியில் படம் நொண்டியடிப்பது இதனால்தான். பலருக்கு இது கண்ணிலேயே படாது. படாதவர்கள் இதற்காகப் பணம் செலவழிக்க வேண்டாம். இன்னொன்று, அட்டைப்பெட்டியில் 'மோஷன் ரேட் 120' என்று இருந்தால் உள்ளே 60 ஹெர்ட்ஸ் பேனலும் இருக்கலாம். "நேட்டிவ் எவ்வளவு?", அதாவது பேனலின் நிஜமான ஹெர்ட்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள்.

என்னைக் கேட்டால், ஹெர்ட்ஸுக்குக் கொடுக்கிற காசைக் கறுப்பு கறுப்பாகவே தெரிவதற்குக் கொடுக்கலாம். கடையில் எல்இடி டிவி என்று விற்பது எல்சிடிதான். பின்னால் பேக்லைட் எரிந்துகொண்டே இருக்கும், பேனல் அதை முழுசாக மறைக்காது. அதனால் இரவுக் காட்சியில் வானம் சாம்பலாகத் தெரியும். எல்சிடி பேனலில் ஐபிஎஸ், விஏ என்று இரண்டு வகை உண்டு. ஐபிஎஸ் பேனலில் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம், சுமார் 1000-க்கு 1. விஏ பேனல் 3000-க்கு மேலேயும் போகும், ஆனால் பக்கவாட்டில் பாய் போட்டு உட்கார்ந்தவருக்கு நிறம் வெளிறிவிடும். கியூஎல்இடியும் எல்சிடி வகைதான். எழுத்து ஒன்று மாறியதில் ஓஎல்இடி என்று நினைத்து வாங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மினி எல்இடியில் பேக்லைட்டைப் பகுதி பகுதியாக மங்கவைப்பார்கள், கறுப்பு ஓரளவு தேறும்.

ஓஎல்இடியில் பேக்லைட்டே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்க்கிறவருக்கு அதுதான் சுகம். ஆனால் காலையிலிருந்து ராத்திரி வரை நியூஸ் சேனல் ஓடும் வீட்டுக்கு நான் அதைச் சொல்வதில்லை. சேனல் லோகோ நாளடைவில் பேனலில் நிழலாகத் தங்கிவிடலாம். அப்புறம், புள்ளிகள் சட்டென்று மாறுவதால் 24 ஃபிரேமின் தடக் தடக் இதில் கூடுதலாகவே தெரியும். கண் உறுத்தினால் அந்த மோஷன் செட்டிங்கை இருப்பதிலேயே குறைந்த படியில், ஒன்றில் மட்டும் வையுங்கள்.

மாம்பலத்தில் மோஷனை அணைத்து, பிக்சர் மோடை சினிமாவுக்கு மாற்றினேன். "என்ன தம்பி, மஞ்சளா இருக்கே?" என்றார். கடையில் கண்ணைப் பறிக்க வைத்திருந்த நீலத்துக்கு அவர் கண் பழகியிருந்தது. ரெண்டு நாள் பாருங்க சார் என்றேன். மூன்றாம் நாள் போன் வந்தது. படம் படமா இருக்கு தம்பி, ஆனா கிரிக்கெட்டுக்கு மட்டும் அந்தப் பழைய வழவழப்பு வேணுமே, என்ன பண்றது என்று கேட்டார்.

தாராளமா போட்டுக்கோங்க சார் என்று சொல்லி, ரிமோட்டில் எங்கே அமுக்க வேண்டும் என்பதையும் சொன்னேன்.