சிமெண்டைப் பூசிவிட்டுக் கப்பலைத் தேடாதீர்கள்

சென்ற மாதம் நாகப்பட்டினத்தில் கடுவையாற்றங்கரையில் உள்ள ஒரு விடுதிக்கு, சுவரில் ஓதம் அடிக்கிறது, வந்து பாருங்கள் என்று அழைத்திருந்தார்கள். வரவேற்பறையில் "இராசேந்திர சோழனின் கப்பல்கள் கட்டப்பட்ட இடம்" என்று ஒரு பித்தளைப் பலகை மின்னியது. அதற்கு நேர் கீழே, ஓராண்டுக்கு முன் பூசிய சிமெண்டுப் பூச்சு வீங்கி, விரலால் தட்டினால் பொக்கென்று ஒலித்தது. பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் பொறியாளர் என்ற முறையில் டெல்டாக் கரையோரத்தில் இதே காட்சியைப் பலமுறை கண்டு மனம் சலித்துப்போனதால், கரையோரத்துப் பழைய வீடுகளை வாங்கி விடுதியாக்குபவர்களுக்கு இதை எழுதுகிறேன்.

1025ஆம் ஆண்டில் இராசேந்திரன் கடாரத்தின் (இன்றைய மலேசியாவின் கெடா) மீது படையெடுத்தது வரலாற்று உண்மை. ஆனால் அந்த வீடு சோழர் காலத்தது அன்று. செங்கல்லைக் குத்துவாக்கில் நிறுத்திச் சுண்ணாம்பில் போட்ட மெட்ராஸ் டெரஸ் தளமும், அதைத் தாங்கும் பர்மாத் தேக்கு உத்திரங்களும் அதை 19ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுவந்துவிடுகின்றன. மரக்கலம் கட்டிய ஓடாவிகளுக்குச் சுவர் வைத்த பட்டறை தேவைப்படவில்லை. ஆற்றுமுகத்து மணலில் ஏராவை (கலத்தின் அடிமரம்) கிடத்தி, வங்குகளை (விலா மரங்கள்) நிறுத்தி, பலகை அடித்து, இடுக்குகளை அடைக்கும் கலப்பற்று வேலை முடித்து, நீரேற்றம் பார்த்து மிதக்கவிட்டார்கள். கயிறும் பாயும் குங்கிலியமும் வைக்கத்தான் கிடங்கு வேண்டியிருந்தது. நீங்கள் வாங்கியிருப்பது அப்படியொரு கிடங்காக இருக்கலாம். 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர் பறித்து, 1781இல் ஆங்கிலேயர் பிடித்த துறைமுகத்தில் அதுவே பெரிய சிறப்பு. அதற்கு மேல் ஒரு சோழனைக் கொண்டுவர வேண்டியதில்லை.

அந்த வீட்டின் பின்கட்டில், சாமான் அறை வாசலுக்கு மேல் இருந்த விட்டத்தில் நான்கு துளைகளைக் கண்டேன். கதவுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. இரண்டு துளைகளின் விளிம்பில் செம்பு ஆணி விட்டுச்சென்ற பச்சைக் கறை, ஒரு பக்கம் லேசான வளைவு. அது கலத்திலிருந்து கழற்றிய மரமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. முன்கட்டில் இருந்த அதன் இணை விட்டங்களையெல்லாம் இயந்திரத்தால் இழைத்து வார்னிஷ் அடித்துவிட்டார்கள். இனி அவற்றிலிருந்து யாரும் எதையும் படிக்க முடியாது.

சிமெண்டு விஷயத்தைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கிறது. "சுண்ணாம்பைவிடச் சிமெண்டு பலமானது, ஆகவே நல்லது" என்று உரிமையாளரும் சொல்கிறார், கொத்தனாரும் சொல்கிறார், சில இளம் பொறியாளர்களும் சொல்கிறார்கள். பலமானதுதான். பழைய சுவருக்குக் கேடும் அந்தப் பலம்தான். அந்தச் சுவரின் அடியில், மண்ணின் ஈரம் மேலே ஏறாமல் தடுக்கும் அடுக்கு கிடையாது. உப்பாற்று நீர் மண்ணிலிருந்து செங்கல்லுக்குள் ஏறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விடும். உப்புப் பூத்துப் பூச்சு உதிரும். சில ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி பூசுவோம், செங்கல் பிழைத்துக்கொள்ளும். சிமெண்டு வழியை அடைக்கிறது. ஈரம் இன்னும் மேலே ஏறுகிறது, உப்பு உள்ளேயே விளைகிறது, செங்கல் மாவாகிறது. பூச்சு மட்டும் பலமாக நிற்கிறது, பின்னால் சுவர் இல்லை. உதிர்வது பூச்சாக இருக்க வேண்டும், செங்கல்லாக இருக்கக் கூடாது. உள்ளே எமல்ஷன் பெயிண்டும் வெளியே நீர்த்தடுப்புப் பூச்சும் அடித்தால் இதே கேடு இரட்டிப்பாகும்.

இனி வாங்கப்போகிறவர்கள், வாங்குவதற்கு முன் அந்த இடம் கட்டட வேலைக்குக் கட்டுப்பாடு உள்ள கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் (CRZ) வருகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கடலின் ஏற்றவற்றம் எட்டும் ஆற்றங்கரைக்கும் அந்த விதிகள் பொருந்தும். மூலப்பத்திரங்களைக் கரையானுக்கு விடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பூச்சு வேலை வேண்டாம். பூசத்தான் வேண்டுமென்றால், ஊறவைத்த சுண்ணாம்பில் வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடி அழைத்து வாருங்கள். கூலி கூடுதல் என்று முகம் சுளிக்காதீர்கள். மரத்தை இழைப்பதற்கு முன் ஒவ்வொரு துளையையும் வெட்டையும் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள்.

கப்பல்காரர்களுக்கு அடையாளமாக இதே நாகப்பட்டினத்தில் நின்ற பழைய செங்கல் கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது. அதை இன்று ஓவியத்தில்தான் பார்க்க முடிகிறது. உங்கள் ஊரில் தோணி கட்டிய ஓடாவிக் குடும்பம் ஒன்று இன்னும் இருந்தால், பலகை எழுதக் கொடுப்பதற்கு முன் அந்த வீட்டுப் பெரியவரை ஒருமுறை அழைத்துவந்து உங்கள் உத்திரங்களைக் காட்டுங்கள், தயவுசெய்து.